மாமியாரை நேரில் அழைத்துவர இயலாமை குறித்தும், எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு குறித்தும்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மூன்றாவது மாடி, தையல் கடைக்கு மேலே உள்ள வீடு.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
வாகன ஆய்வு அலுவலகம்.

பொருள்: சாலைச் சோதனையில் என் தாயாரின் மோட்டார் சைக்கிள் பறிமுதல் செய்யப்பட்டது – எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு எரியவில்லை எனப் பதிவானது – வாக்குமூலத்தில் இரண்டு சொற்கள் வேறு பொருளில் எழுதப்பட்டது – மாமியாரை ஆஜர்படுத்தக் கோரும் அழைப்பாணையை விலக்கிக்கொண்டு வாகனத்தை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டிற்கு வந்த சாட்சி அழைப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாகனம் என் தாயாருடையது. ஆகவே இம்மனுவை அவரே எழுதியிருக்க வேண்டும். ஆனால் தங்கள் அலுவலகத்தாரிடம் அவர் வாயால் சொன்னதெல்லாம் காகிதத்தில் ஏறியதும் வேறொன்றாகிவிட்டது. "இனிமே நான் வாயத் தொறக்கறதா இல்ல. நீதான் புத்தகம் மாதிரி பேசுவியே, நீயே எழுது" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். சோதனை நடந்தபோது நான் பின்னிருக்கையில் இருந்தேன். ஆகவே அன்று நடந்ததை நேரில் பார்த்தவள் என்ற முறையிலும் எழுதுகிறேன். எனக்குப் புரியாத இடங்களில் புரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன். அத்தகைய இடங்கள் சற்று அதிகமாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

1. என் தாயார் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் அவசர அழைப்புப் பிரிவில் வேலை செய்கிறார். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் அவருக்குத் தொலைபேசி வரும். உடனே கிளம்பிச் சென்று, இயந்திர அறையில் ஏறி, லிஃப்டைச் சரியான மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடுவார். சொந்த வாகனம் உள்ளவர்களை மட்டுமே நிறுவனம் இப்பிரிவில் வைத்துக்கொள்ளும். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அம்மாவின் முகத்தைத்தான். சிலர் அழுவார்கள். சிலர் லிஃப்டைச் செய்தவரே அவர்தான் என்பதுபோல் திட்டுவார்கள். ஒருவர் "இது எத்தனாவது மாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாராம். அம்மாவுக்கு எல்லா வகையினரையும் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவார்.

2. அந்த மோட்டார் சைக்கிள் முன்பு என் மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, "அக்கா, நீயே ஓட்டு. நிக்க வெச்சா வீணாப் போயிரும்" என்று அம்மா பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆவணங்கள் எல்லாம் சரியாக உள்ளன. அது கணினி பொருத்திய வண்டி. டயரில் காற்று குறைந்தால், சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்தால், எண்ணெய் மாற்றும் நாள் தள்ளிப்போனால், எந்த விளக்காவது எரியாவிட்டால், கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள சின்னத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில் சொல்லிவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் ஒன்றும் சொல்லாது. பாராட்டும் வழக்கம் அதற்கு இல்லை. வந்த ஒரே வாரத்தில் அம்மா அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

எந்த மாமியாரையும் இழிவுபடுத்தும் நோக்கம் இதில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு மாமியாரே இல்லை. அப்பாவின் தாயார், அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து குத்தம் சொல்ல ஆளில்லாம வீடு வெறிச்சுனு கெடந்துச்சு. இப்பத்தான் குடும்பம் மாதிரி இருக்கு" என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே, "எங்கம்மா என்ன சொல்றாங்க இன்னிக்கு?" என்று கேட்பார். "காத்து கம்மியாம். மருமக சரியில்லையாம்" என்று அம்மா பதில் சொல்வார். பெயர் மாமியார் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் அந்த வண்டியை 'அது' என்று சொல்வதில்லை. 'அவங்க' என்றுதான் சொல்வோம். வேடிக்கையாக ஆரம்பித்தது, பிறகு நாக்கு அப்படியே பழகிவிட்டது. வெளியாட்களிடம் பேசும்போதாவது நாங்கள் மாற்றிப் பேசியிருக்க வேண்டும்.

3. சில மாதங்களுக்கு முன் அம்மாவின் நிறுவன வாசலில் ஒரு வேன் பின்னோக்கி வந்து இடித்ததில் வண்டியின் பின்விளக்கு உடைந்துபோனது. அந்த மாதிரி விளக்கு இப்போது வருவதில்லை என்று விற்பனை நிலையத்தில் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் தெருமுனையில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவரைப் 'பொறு அண்ணன்' என்று எல்லாரும் அழைப்பார்கள். எதைக் கேட்டாலும் "பொறு, பாக்கலாம்" என்பார். அவர்தான் எல்.ஈ.டி. பின்விளக்கு ஒன்றைப் பொருத்திக்கொடுத்தார். பழையதைவிட நன்றாக எரிந்தது. பின்னால் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும் என்பதால் அம்மாவுக்கு மிகவும் திருப்தி.

ஆனால் சாவியைத் திருப்பியதும் திரையில் 'பின்விளக்கு எரியவில்லை' என்று எழுத்து வந்தது. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. முன்னால் வந்து பார்த்தேன். எரியவில்லை என்று இருந்தது. இப்படி நான் பின்னாலும் முன்னாலும் ஓடுவதைப் பார்த்துப் பொறு அண்ணன், "பாப்பா, தலை சுத்திரும், உக்காரு" என்றார். பிறகு விளக்கினார்: "மாமியாருக்குக் கண்ணு கெடையாதும்மா. வெளிச்சத்த அவங்க பாக்கறதில்ல. அந்தக் கம்பில எவ்ளோ கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் பாப்பாங்க. பழைய பல்பு நெறையக் குடிக்கும். இது துளியூண்டு குடிக்குது. அதனால பல்பு செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

என் அறிவியல் ஆசிரியையிடமும் கேட்டேன். பட்டறைக்காரர் சொன்னது சரிதான் என்றார். கணினி பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த அளவில் உண்மையைத்தான் சொல்கிறது என்றும் சொன்னார். விளக்கும் உண்மையாக எரிகிறது, அது எரியவில்லை என்பதும் ஒரு வகையில் உண்மை என்றால் எதை நம்புவது என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது.

4. இதற்கு ஒரு வழி உண்டு என்று பொறு அண்ணன் சொன்னார். பொன் நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில், பக்கவாட்டில் செதில் செதிலாக ஒரு பொருள். அதை விளக்கின் கம்பியோடு இணைத்துவிட்டால், பழைய பல்பு குடிக்கும் அளவுக்கு அது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். வெளிச்சம் எதுவும் தராது. கணினி, பல்பு இருக்கிறது என்று எண்ணி அமைதியாகிவிடும். இதற்குக் கடையில் வேறு பெயர் உண்டு. பட்டறைகளில் இதை 'பொய் பல்பு' என்பார்கள். அதைப் பொருத்தியதும் எச்சரிக்கை மறைந்தது. அம்மா, "ஒரு வழியா மாமியார் வாய அடைச்சாச்சு" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணா, நாளைக்கு இந்த எல்.ஈ.டி. நெஜமாவே எரியாமப் போச்சுன்னா, அப்ப மாமியார் சொல்வாங்களா?" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்ல மாட்டாங்க. எல்லாம் நல்லாருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றார். அப்படியானால் கணினி, பொய் பல்பு இல்லாதபோது எரியும் விளக்கை எரியவில்லை என்கிறது. பொய் பல்பு இருக்கும்போது எரியாத விளக்கையும் எரிகிறது என்று எண்ணிக்கொள்ளும். இவ்விரண்டில் சட்டத்துக்கு உகந்தது எது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பொய் பல்பின் சூட்டால் இருக்கைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடி உருகி வளைந்துவிட்டது. பொறு அண்ணன் அதைக் கழற்றி, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்தால் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். சாலைச் சோதனை வந்தது வியாழக்கிழமை.

5. அன்று மாலை அம்மா என்னை நூலகத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்துகொண்டிருந்தார். பாதி வழியில் அழைப்பு வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு கணக்குத் தணிக்கையாளர் தனியாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். வழி பக்கம்தான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டே அம்மா திரும்பினார். பாலம் இறங்கும் இடத்தில் தங்கள் ஆய்வாளர் வண்டியை நிறுத்தினார். அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். வாகனங்கள் நெருக்கமாக வந்துகொண்டிருந்ததால் வண்டிக்கு முன்புறமே நின்றார். திரையில் இருந்த எழுத்தை அவர்தான் முதலில் பார்த்தார். அதன்பின் நடந்த பேச்சை நினைவில் உள்ளபடி கீழே தருகிறேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

ஆய்வாளர்: "பின்னாடி லைட்டு எரியலையே."

அம்மா: "எரியுது சார்."

ஆய்வாளர்: "எரியலன்னு எழுதியே காட்டுது, நீங்க எரியுதுங்கறீங்க."

அம்மா: "ஐயோ சார், மாமியார் சொல்றதையெல்லாம் நம்பாதீங்க. அவங்க எப்பவுமே எரியல எரியலன்னுதான் சொல்வாங்க."

ஆய்வாளர்: "ஓ, உங்க மாமியாருக்கும் தெரியுமா?"

அம்மா: "தெரியாம என்ன? தெனம் காலைல கெளம்பும்போதே ஆரம்பிச்சுருவாங்க. நான் காதுலயே போட்டுக்கறதில்ல."

அப்போது தணிக்கையாளர் மறுபடி தொலைபேசியில் வந்தார். அம்மா அவரிடம், "பயப்படாதீங்க சார், மூச்ச நல்லா இழுத்து விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆய்வாளர், "நான் எதுக்கும்மா பயப்படணும்?" என்றார். "உங்களச் சொல்லல சார்" என்று அம்மா சொன்னார். அம்மா காதில் செருகியிருந்த சிறு கருவியை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் முகம் சற்று மாறிவிட்டது.

ஆய்வாளர்: "இந்த லைட்டு கம்பெனி லைட்டா?"

அம்மா: "இல்ல சார், வெளில வாங்கிப் போட்டது. பொய் பல்பு போட்டா எல்லாம் சரியாயிரும். சூடாகுதுன்னு கழட்டி வெச்சிருக்கோம். சனிக்கிழமை மறுபடி போட்டுருவோம்."

ஆய்வாளர் தம் உதவியாளரிடம், "எழுதிக்கப்பா" என்றார்.

நான் அதற்குள் இறங்கிப் பின்னால் போய், விளக்கின் முன் கையை நீட்டிப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது. "சார், எரியுது, வந்து பாருங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே போனதால் அவருக்குக் கேட்டிருக்காது. உதவியாளர் காகிதத்தை நீட்டினார். அம்மா அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வண்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, இருவரும் வாடகை வண்டி பிடித்துப் போனோம். லிஃப்டின் கதவு திறந்தபோது தணிக்கையாளர் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். "வழியில யாருக்கோ மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுத்துட்டு இருந்தீங்களே, அவர் நல்லாருக்காரா?" என்று விசாரித்தார்.

6. மறுநாள்தான் வாக்குமூலத்தின் நகலைப் படித்தோம். அதில் உள்ள வாக்கியம் இது: "பின்விளக்கு எரிவதில்லை என்று தன் மாமியார் நாள்தோறும் எச்சரித்துவந்தும் அதைப் பொருட்படுத்தாமல், போலி விளக்கைப் பொருத்தி வாகனத்தை இயக்கிவந்ததையும், மீண்டும் அவ்வாறே செய்ய இருப்பதையும் ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்."

இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. எழுதியவருடைய கையெழுத்தும் அழகாக உள்ளது. அம்மா சொன்ன சொற்களும் ஏறக்குறைய இவைதான். ஆனால் நடந்தது இதுவன்று. 'பொய் பல்பு' என்றால் போலி விளக்கு என்று எழுத்துத் தமிழில் மாற்றியிருக்கிறார்கள். போலி என்பதற்கு அகராதியில் பார்த்தேன். உண்மையானதைப் போலவே தோற்றமளிப்பது என்று இருந்தது. பொய் பல்பு எந்தக் கோணத்திலும் பல்பு போல் தோற்றமளிக்காது. பார்க்கச் சின்னப் பல்லி போல இருக்கும். பொருத்தியிருந்த பின்விளக்கு போலியும் அல்ல. அது உண்மையான விளக்கு, உண்மையாகவே எரிந்தது.

7. இதைத் தெரிவிக்க அம்மாவும் நானும் தங்கள் அலுவலகத்தின் நான்காம் முகப்புக்கு (கவுண்டருக்கு) வந்தோம். அங்கிருந்த பணியாளர் அம்மா சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். "சார், மாமியார்னு நான் சொன்னது வண்டிய" என்றார் அம்மா. பணியாளர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, பெரியவங்கள வண்டிங்கறீங்களே, நல்லாவா இருக்கு? வீட்டுல ஆயிரம் இருக்கும். அத ஆபீஸ் வரைக்கும் கொண்டு வரலாமா?" என்றார். "இல்ல சார், வண்டியத்தான் மாமியார்ங்கறேன்" என்றார் அம்மா. "ரெண்டும் ஒண்ணுதானம்மா. பொண்ண வேற பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசறீங்க" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மையார், "எனக்கும் ஒரு மருமக இருக்கா" என்று பெருமூச்சு விட்டார். அதன்பின் அம்மா என்ன சொல்லியும் பயனில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். அது சிரிப்புதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

8. அதன் பிறகுதான் பார்வையில் கண்ட அழைப்பாணை வந்தது. ஓட்டுநரின் மாமியார் முக்கிய சாட்சி என்பதால் அவரை விசாரணைக்கு நேரில் அழைத்துவர வேண்டும், இயலாவிட்டால் தக்க சான்று தர வேண்டும் என்று அதில் உள்ளது. இங்கேதான் எங்களுக்கு அடியோடு குழம்பிவிட்டது. அவர் இறந்துவிட்டார் என்று இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால், இறந்துபோனவர் நாள்தோறும் எச்சரித்ததாக அம்மா கையெழுத்திட்டது பொய் வாக்குமூலம் ஆகிவிடும். கொடுக்காவிட்டால் சாட்சியை மறைத்த குற்றம் வரும். மாமியார் என்பது வண்டி என்று சொன்னால் மாமியாரை அவமதித்ததாகிறது. நான்காவது வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அழைப்பாணையில் சாட்சியின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். சின்ன எழுத்தையும் சுலபமாகப் படிப்பார். ஆனால் அந்தக் காகிதத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் தம் தாயாரின் பெயரை எழுதினார். "எங்கம்மா பேருக்கு இதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்ல" என்றார். அந்தப் பெயரை நானும் அன்றுதான் எழுத்தில் பார்த்தேன். எனவே இம்மனுவோடு அழைப்பாணையின் நகலை மட்டும் இணைத்திருக்கிறேன். மூலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருந்தால், தயவுசெய்து அதிலிருந்து எங்களுக்கு விலக்கு அளிக்க வேண்டுகிறேன்.

9. சென்ற வாரம் அப்பாவும் நானும் தங்கள் அலுவலக வளாகத்துக்கு வண்டியைப் பார்க்க வந்தோம். காவலர் எங்களை அனுமதித்தார். மழை வருவதைப் பார்த்து அவரே வண்டியைச் சுவரோரம் நகர்த்தி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அவர் கேட்டது: "பாப்பா, இந்த வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா? தள்ளி வெக்கறதுக்காகச் சாவியப் போட்டு எடுத்தேன். எடுத்தப்பறமும் பின்னாடி செவப்பா மினுக்கு மினுக்குங்குது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அணைஞ்சுது." அது பேய் அன்று என்று அவருக்கு விளக்கினேன். கணினி ஓய்வெடுக்கப் போகுமுன், விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று துளி மின்சாரம் அனுப்பிச் சோதிக்கிறது. எல்.ஈ.டி.க்கு அந்தத் துளியே மங்கலாக எரியப் போதுமானது. "அப்ப எரியுதான்னு பாக்கறதாலதான் எரியுதா? எரிஞ்சும் எரியலன்னுதான் சொல்லுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குப் பேயே தேவலாம்" என்றார்.

நான் குறிப்பிட விரும்புவது யாதெனில், தங்கள் அலுவலகத்தின் காகிதங்களில் இந்த விளக்கு எரிவதே இல்லை. தங்கள் அலுவலகத்தின் காவலர் கண்ணுக்கோ சாவி இல்லாமலே எரிகிறது. இரண்டும் ஒரே வளாகத்தில் உள்ளன.

10. வாகனம் இல்லாததால் அம்மாவை அவசர அழைப்புப் பிரிவிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வண்டி வராவிட்டால் அவருடைய இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக நியமித்துவிடுவார்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சம்பளம் குறையாது என்றும், அலைச்சல் மிச்சம் என்றும் சொன்னாராம். அம்மாவும் வீட்டில் அதையே சொல்கிறார். ஆனால் இப்போதெல்லாம் சாயங்காலத்தில் அவர் நடித்துக் காட்ட ஒருவரும் இல்லை. கிடங்கில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. நேற்று எங்கள் பக்கத்துக் கட்டடத்து லிஃப்டின் மணி விடாமல் அடித்தது. அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்களுடைய லிஃப்டை வேறு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது, அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

இந்தப் பத்தியின் முடிவில் "என் தாயாரின் பரிதாப நிலையைக் கருத்தில் கொண்டு" என்று முதலில் எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "அத அடி. நான் பரிதாபமெல்லாம் இல்ல. எனக்கு என் வண்டி வேணும், அவ்ளோதான்" என்றார். அடித்துவிட்டேன்.

11. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன பின்வருமாறு. வாக்குமூலத்தில் 'மாமியார்' என்று வரும் இடத்தை 'வாகனத்தின் கணினி' என்றும், 'போலி விளக்கு' என்பதை அப்பொருளின் சரியான பெயராலும் திருத்த உத்தரவிட வேண்டும். அதன் சரியான பெயரைப் பொறு அண்ணன் தனித்தாளில் எழுதித் தந்துள்ளார், இணைத்திருக்கிறேன். எங்கள் விளக்கு எந்த விதியையாவது மீறியிருந்தால் எந்த விதி என்று தெரிவித்தால், அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். எச்சரிக்கை எழுத்து இருந்தால் வண்டி தேறாது, பொய் பல்பு இருந்தாலும் தேறாது என்றால், இந்த மாதிரி வண்டிகளுக்கு எல்.ஈ.டி. பொருத்துகிறவர்கள் மூன்றாவதாக என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி, தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பலருக்கும் உதவும். கணினியைச் சமாதானப்படுத்தத் தனியாக ஒரு சிறு கருவி வந்திருப்பதாகவும், அது சூடாகாது என்றும், விளக்கு உண்மையிலேயே அணைந்தால் அதையும் சொல்லும் என்றும் பொறு அண்ணன் கேள்விப்பட்டிருக்கிறார். அது உண்மையா என்று அவருக்கும் தெரியாது. "பொறு, பாக்கலாம்" என்றிருக்கிறார். தங்கள் அலுவலகம் அதை ஏற்குமானால் அதையே பொருத்திவிடுகிறோம்.

12. இறுதியாக, சாட்சி குறித்து. அழைப்பாணையில் கேட்டுள்ளபடி அவரை நாங்கள் நேரில் அழைத்துவர இயலாது. ஏனென்றால் அவரைத் தாங்களே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். தங்கள் அலுவலகத்தின் பின்புறம், சுவரோரம், நீலத் தார்ப்பாயின் கீழ் இருக்கிறார். சாவி காவலரிடம் உள்ளது. மாலையில் வெளிச்சம் குறைந்த பிறகு தாங்கள் ஒரு முறை அங்கே செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாவியைத் திருப்பியதும் பின்விளக்கு எரியவில்லை என்று அவர் சொல்வார். அவர் அப்படிச் சொல்வதை நாங்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. அதைத் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின், தயவுசெய்து, வண்டியைச் சுற்றி வந்து பின்புறம் நில்லுங்கள். அங்கே தங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அது எதுவானாலும் நாங்கள் கட்டுப்படுகிறோம்.

தாங்கள் வந்து பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்

இடம்: மேற்படி வீடு
நாள்: பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: அழைப்பாணையின் நகல், வாக்குமூலத்தின் நகல், பட்டறைக்காரர் எழுதித் தந்த தாள்.

மனுதாரர் சிறுமி என்பதால் வாகன உரிமையாளரின் உறுதிமொழி:
மேலே கண்ட அனைத்தும் உண்மை. இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மனுதாரரின் தாயார்